ஸ்தாபகரின் கணவர் இறந்த ஆண்டு

கோணேஸ்வரி அமெரிக்காவுக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாள். பஃபலோவில் ஒரு கலியாணம். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டாள். ஆனால் ஒஹையோ மாநிலத்து எல்மர் விக்கின்ஸ் எந்த மாட்டுக் கொட்டிலில் பிறந்தார், எந்த வயதில் முதல் பீப்பாய் ஊறுகாயை விற்றார், மிச்சக் காசில் ஒரு சதம் குறைத்துக் கொடுத்துவிட்டதை அறிந்து பனியில் ஏழு மைல் நடந்துபோய் அதைத் திருப்பிக் கொடுத்தபோது வாடிக்கையாளரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“இது உங்களுடையது” என்று சொன்னாராம்.

விக்கின்ஸ் பார்ன் அவர் தொடங்கிய அமெரிக்க மலிவுவிலைக் கடை. கனடாவில், ஸ்காபரோவின் மார்க்கம் றோட்டுப் பிளாசா ஒன்றில் அதற்கு ஒரு கிளை இருந்தது. பழைய களஞ்சியம்போலத் தெரியவேண்டும் என்று சுவருக்குப் புதிய பலகைகளை அடித்து, அவற்றைப் பழசாக்குவதற்கு ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அங்கே கோணேஸ்வரி காஷில் நின்றாள். அடுத்தநாள் எத்தனை மணிக்கு வேலை என்பது முதல்நாள் பின்னேரம் ஃபோனில் வரும். சில நாள் காலை ஆறு மணி. சில நாள் பின்னேரம் நாலு மணி. சில நாள் வராது.

போன மாரியில் அவள் கணவர் கனகசிங்கத்துக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகள் தேனுகா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. பின்னேரம் போனால் விடியத்தான் வருவாள். வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் அதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்: வீட்டில் யார் எந்த நேரம் நிற்பார்கள் என்று உறுதியாகச் சொன்னால், மிச்ச நேரத்துக்கு உதவியாளரை அனுப்பலாம். சொல்ல முடியாவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். எந்த ஊரில் கட்டில் கிடைக்கிறதோ அந்த ஊர்.

கோணேஸ்வரி கடை மனேஜர் கீதனிடம் போனாள். கீதன் இங்கே பிறந்த பெடியன்.

“தம்பி, எனக்குச் சம்பளம் கூட்டித் தரவேண்டாம். காலமை ஒன்பதில இருந்து ரெண்டு மட்டும், ஒரே நேரமாத் தாங்கோ. அது போதும்.”

“அன்ரி, ஃபிக்ஸ்ட் ஷிஃப்ட் எண்டா நீங்க ஃபமிலி மெம்பர் ஆகவேணும். அதுக்கு ஹிஸ்டரி ரெஸ்ற் பாஸ் பண்ணவேணும்.”

“என்ன ஹிஸ்டரி?”

“மிஸ்டர் விக்கின்ஸின்ர.”

“நான் காஷில நிக்கிறன். அந்தாள் எங்க பிறந்தா எனக்கென்ன?”

“ஐ நோ, அன்ரி. பட் சிஸ்டம் அப்பிடித்தான்.”

பாடம் நடத்த ஒஹையோவில் இருந்து ஸ்டெபனி வந்தாள். அவள் பதவியின் பெயர் பாரம்பரியப் பணிப்பாளர். ஊறுகாய்ப் பீப்பாய் வடிவத்தில் ஒரு புரோச் குத்தியிருந்தாள். வேலையாட்கள் எல்லாரையும் களஞ்சிய அறையில் நிற்கவைத்துப் பேசினாள்.

“நாங்கள் ஒரு கொம்பனி அல்ல, குடும்பம். குடும்பத்தில் யாராவது நேர அட்டவணை கேட்பார்களா? உங்கள் தாயார் உங்களுக்குப் பால் கொடுக்கும்போது, என்னுடைய ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று எழும்பிப் போனாரா? எல்மர் விக்கின்ஸின் பிள்ளைகள் எட்டுப் பேரும் கடையில் வேலை செய்தார்கள். அவர் ஒருநாளும் சம்பளம் கொடுத்ததில்லை, அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி மகன் மட்டும் கேட்டான். அவனைப் பற்றிப் பரீட்சையில் வராது.”

கோணேஸ்வரி கையை உயர்த்தி, கணவருக்கு ஏலாது, அதனால்தான் நேரம் கேட்கிறேன் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

“மிக அழகான பகிர்வு. நன்றி” என்றாள் ஸ்டெபனி. பிறகு ஊறுகாயின் உப்பு விகிதத்துக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரியில் ஸ்தாபகர் தினம் வந்தது. அன்று ஒவ்வொருவரும் கையில் ஒரு சதத்தோடு கார் தரிப்பிடத்தைப் பனியில் சுற்றிவந்து, வாசலில் வாடிக்கையாளராக நிற்கும் கீதனிடம் அதைக் கொடுத்து, “இது உங்களுடையது” என்று சொல்லவேண்டும். எல்மர் விக்கின்ஸிடம் கையுறை இருக்கவில்லை என்பதால் யாரும் கையுறை போடக்கூடாது. கனடாவில் சதக் குற்றிகளை நிறுத்திப் பல வருடமாகிவிட்டதால் ஒஹையோவில் இருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் முடிந்ததும் கீதன் அவற்றை எண்ணித் திருப்பி அனுப்பவேண்டும்.

கோணேஸ்வரிக்குப் பின்னால் பத்மநாதன் நடந்துவந்தார். சாமான் இறக்குகிற பகுதியில் வேலை, அறுபது வயது, இரண்டு முழங்காலும் சரியில்லை.

“விக்கினம் தீர்க்கிறவர் றிச்மண்ட் ஹில் கோயில்ல இருக்கிறார், தங்கச்சி. உவர் விக்கின்ஸ், குடுக்கத்தான் வந்தவர்” என்றார்.

“சிரிப்புக் காட்டாதேங்கோ அண்ணை. ஸ்டெபனி அங்க நிண்டு பாக்கிறாள்.”

பரீட்சையில் கடையிலேயே கூடிய புள்ளி கோணேஸ்வரிக்குத்தான். இரவில் கனகசிங்கத்துக்குக் கால் பிடித்துவிட்டபடி படித்தவள். அவரும் கேட்டுக் கேட்டு, நாக்குத் தடக்கினாலும், எல்மர் விக்கின்ஸின் பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லுவார். திங்கட்கிழமை அவளுக்குக் குடும்ப உறுப்பினர் என்ற பெயர்ப்பட்டியை நெஞ்சில் குத்துவதாக ஏற்பாடு. வீட்டுப் பராமரிப்பு அதிகாரிக்கும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விக்கின்ஸ் பார்னை வேறொரு கொம்பனி வாங்கிவிட்டது.

வாங்கியது நெப்ராஸ்கா மாநிலத்து ரூ சிஸ்டர்ஸ் என்ற மலிவுவிலைக் கடை. சுவரில் அடித்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் பூப்போட்ட காகிதம் ஒட்டினார்கள். தட்டில் இருந்த தகரப் பேணிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஸ்டெபனியும் வந்தாள். புரோச் மட்டும் மாறியிருந்தது; இப்போது இரண்டு பெண்கள் முதுகோடு முதுகாக நின்றார்கள்.

“போன மாதம் படித்ததை மறந்துவிடுங்கள்” என்றாள் அதே சிரிப்போடு. “எல்மர் விக்கின்ஸ் ஒரு கள்ளன். பீப்பாயின் அடியில் கல் போட்டு ஊறுகாய் நிறுத்தவன். அந்த ஒரு சதக் கதையை அவன்தான் காசு கொடுத்துப் பத்திரிகையில் போடுவித்தான். நாங்கள் குடும்பம் என்ற சொல்லையே வெறுக்கிறோம். குடும்பத்தில் அதிகாரம் இருக்கிறது. நாங்கள் சகோதரிகள்.”

“நான் பாஸ் பண்ணினனான்” என்றாள் கோணேஸ்வரி.

“தவறான வரலாற்றில். அது உங்கள் குற்றமல்ல. ஆனால் தவறான வரலாற்றை இவ்வளவு நன்றாகப் படித்தவர்களை நாங்கள் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.”

எல்லாருக்கும் புதிய பட்டி வந்தது. பத்மநாதனின் நெஞ்சில் ‘சகோதரி பத்மநாதன்’ என்று இருந்தது. அவர் அதை மூக்குக்கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்தார். பிழை வந்துவிட்டது என்று கீதனிடம் கொண்டுபோனார். கீதனின் நெஞ்சில் ‘மூத்த சகோதரி கீதன்’ என்று இருந்தது. பத்மநாதன் தன்னுடையதைத் திரும்பக் குத்திக்கொண்டு வந்தார்.

ரூ சிஸ்டர்ஸின் வரலாறு இது: ஐடா, மேபல் என்ற சகோதரிகள் ஒரு துணிச்சுருளுக்காகச் சண்டை பிடித்து, அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே கடையை நடத்தினார்கள். தேவையானதைக் கைச்சாடையால் தெரிவித்தார்கள். அதன் நினைவாகக் கிளைகள் எல்லாவற்றிலும் புதன்கிழமை மௌன நாள். வேலையாட்கள் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒரு தடவையும் வாய் திறக்காமல் சித்தியடைந்தவர்களுக்குத்தான் இனி நிலையான நேரம்.

“பேச்சு இல்லாத இடத்தில் முறைப்பாடு இல்லை” என்று ஸ்டெபனி விளக்கினாள். “ஐடாவும் மேபலும் இதை நூறு வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.”

புதன்கிழமைகளில் அஜின்கோர்ட் பக்கம் இருந்து ஒரு வயதானவர் தேங்காய்ப்பால் வாங்க வருவார். எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்பார். கோணேஸ்வரி தேங்காய் உடைக்கிறமாதிரி, திருவுகிறமாதிரி, பிழிகிறமாதிரி காட்டி, கடைசியில் இடப்பக்கம் கையை நீட்டுவாள். அவர் பாவமாகப் பார்த்துவிட்டு, “எப்ப இருந்து பிள்ளை இப்பிடி?” என்பார்.

மூன்றாவது புதன்கிழமை அவளுடைய ஃபோன் அடித்தது. அன்று ஷிஃப்டை முதல்நாள் பின்னேரம் திடீரென்று மாற்றியிருந்தார்கள். தேனுகாவும் வேலைக்குப் போயிருந்தாள்; அதிகாரி தற்காலிகமாக ஒழுங்குசெய்த உதவியாளர் வருவதற்கு முன்பே அவள் வீட்டில் இருந்து வெளிக்கிட வேண்டியிருந்தது. பக்கத்து அப்பார்ட்மென்ற் பெண் பேசினாள்: சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, இப்போது ஒரு ஆள் அனுங்குகிற சத்தம் கேட்கிறது.

“ஐயோ, கதவைத் திறவுங்கோ! பில்டிங் சுப்பரின்ரெண்டனிட்டத் திறப்பு இருக்கு! என்ர மனுசன், அவர் எழும்பமாட்டார், திறவுங்கோ!”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்று பேசக்கூடாது என்பதால் ஸ்டெபனி தன் கண்டனத்தைக் கைச்சாடையால் தெரிவித்தாள். அது நீண்ட கண்டனம். ஒரு விரலை உதட்டில் வைத்து, இரண்டு விரலை உயர்த்தி, பிறகு கழுத்தின் குறுக்காக எதையோ காட்டினாள். கோணேஸ்வரி அது முடியும்வரை நிற்கவில்லை. ஏப்ரனோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கனகசிங்கத்தின் இடுப்பெலும்பு வெடித்திருந்தது. கோணேஸ்வரி மௌனத்தில் சித்தியடையவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரி மறுபடியும் வந்தார். கெட்டவரில்லை, ஆனால் களைத்துப்போனவர். “ஒரு நிலையான நேரம், அவ்வளவுதான். வேலையிடத்தில் இருந்து யாராவது உறுதிப்படுத்தினால் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் என்னால் வைத்திருக்க முடியாது.”

“அம்மா, நீ அந்த வேலையை விடு” என்றாள் தேனுகா.

“விட்டா வாடகை? உன்ர சம்பளத்திலயோ? நீ எங்களுக்காக உன்ர கலியாணத்தைத் தள்ளிப்போட்டது காணாதே?”

தேனுகா தகப்பனின் போர்வையைக் காலடியில் இழுத்துவிட்டாள்.

கோடையில் ரூ சிஸ்டர்ஸ் கடனில் விழுந்தது. நியூயோர்க்கில் உள்ள ஒரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. அந்த நிறுவனத்துக்கு ஸ்தாபகர் கிடையாது. சில பணக்காரர்கள் சேர்ந்து ஒரு கட்டிடத்தின் நாற்பதாவது மாடியில் தொடங்கியதை யாரும் பனியில் நடந்து கொண்டாட முடியாது. ஆகவே ஒரு ஸ்தாபகர் தேவைப்பட்டார். ஸ்டெபனி புரோச் இல்லாத வெறும் சட்டையோடு வந்து கடையைச் சுற்றிப் பார்த்தாள். காஷில் நின்ற கோணேஸ்வரியை நெடுநேரம் பார்த்தாள்.

“உங்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது” என்று சொல்லி, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டாள்.

“படம் எடுத்தா ஷிஃப்ட் தருவியளோ எண்டு கேள், தம்பி” என்றாள் கோணேஸ்வரி கீதனிடம்.

கீதன் கேட்டான். ஸ்டெபனி நீளமாக ஏதோ சொன்னாள். “நோ எண்டு சொல்லேல்லை, அன்ரி” என்றான் கீதன்.

இரண்டு கிழமை கழித்து பஸ்ஸால் இறங்கியபோது கோணேஸ்வரி தன்னைக் கண்டாள். கடையின் முன்சுவர் முழுவதும் அவள் முகம். மேலே புதிய பெயர்: கொனீஸ். கோணேஸ்வரி என்ற பெயரில் அமெரிக்கர்களின் வாய்க்குள் நுழைந்த பகுதி அது. அவளை இளமையாக்கியும் இருந்தார்கள், முதுமையாக்கியும் இருந்தார்கள். ஆனால் அவள் பார்த்தது வேறு. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை. இரண்டையும் கொம்பியூட்டரில் துடைத்துவிட்டிருந்தார்கள்.

அவள் தெருவில் நின்றபடியே கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். பொட்டு இருந்தது.

முகத்துக்குக் கீழே வரலாறு எழுதியிருந்தது. கீதன் வாசித்துத் தமிழில் சொன்னான்.

“ஆயிரத்தித் தொளாயிரத்தி அறுபத்தொண்டில, பேர் தெரியாத ஒரு தீவில இருந்து, ஒரு சாக்கு அரிசியோட கொனி படகில வந்தவ…”

“நான் அப்ப பிறக்கவேயில்லை. பிளேனில வந்தனான். திருகோணமலை எண்டு பேர் இருக்குத்தானே?”

“…கணவரை இழந்த அந்தக் கவலையிலயும், எல்லாருக்கும் குறைஞ்ச விலையில சாமான்…” கீதன் நிறுத்திவிட்டான். “சொறி, அன்ரி.”

அன்று ஸ்டெபனியின் உரை களஞ்சிய அறையில் நடந்தது. கோணேஸ்வரியை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள்.

“நாங்கள் ஆயிரம் பேரிடம் கேட்டோம். ஸ்தாபகர் விமானத்தில் வரவேண்டுமா, படகிலா? படகில். ஊருக்குப் பெயர் வேண்டுமா? வேண்டாம்; பெயர் சொன்னால் அங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள், எங்களுக்கு அரசியல் கூடாது. கணவர் இருக்கலாமா? இருந்தால், இவளுக்குச் சாப்பாடு போட ஒருவன் இருக்கிறானே, விலையை ஏன் குறைக்கிறாள் என்று சந்தேகப்படுகிறார்கள். நோயாளிக் கணவர்? விலையைக் கூட்டிவிடுவாள் என்று பயப்படுகிறார்கள். விதவை? எழுபத்தொரு வீதம் நம்பிக்கை. நாங்கள் யாரையும் சாகடிக்கவில்லை. மக்கள் கேட்டதைக் கொடுத்திருக்கிறோம்.”

“அவர் உயிரோட இருக்கிறார்” என்றாள் கோணேஸ்வரி. “ஆஸ்பத்திரியில இருக்கிறார்.”

“கேட்க மிகச் சந்தோஷம்” என்றாள் ஸ்டெபனி.

இந்த முறை பரீட்சை தொடுதிரை ரப்லெற்றில். பாடம் கொனியின் வாழ்க்கை. சித்தியடைந்தவர்களுக்கு நிலையான நேரம் உண்டு என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். வேலையாட்கள் மதிய உணவு அறையில் வரிசையாக இருந்து எழுதினார்கள். கொனி கொண்டுவந்த சாக்கில் என்ன இருந்தது என்ற கேள்விக்குக் கோணேஸ்வரி அரிசி என்று தொட்டாள். கொனிக்குப் பிடித்த நிறம் நீலம். கொனி சிரிப்பது ஏன் என்ற கேள்விக்கு, விலை குறையும்போது என்பது விடை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஸ்தாபகரின் கணவர் இறந்த ஆண்டு எது? கீழே நாலு ஆண்டுகள். இறக்கவில்லை என்று ஒரு தெரிவு இல்லை. விடை தராமல் அடுத்த கேள்விக்குப் போக அந்த இயந்திரம் விடவில்லை. மேலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பத்மநாதன் எட்டிப் பார்த்தார்.

“அமத்து, தங்கச்சி.”

“ஏலாது அண்ணை.”

“அது உன்ர மனுசன் இல்லை. கொனியின்ர மனுசன்.”

“கொனி ஆர் அண்ணை?”

பத்மநாதன் மேலே ஓடுகிற நேரத்தைக் காட்டினார். “வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரவேணுமோ, இல்லையோ?” என்று மட்டும் கேட்டார்.

கோணேஸ்வரி விரலைச் சேலைத் தலைப்பில் துடைப்பதற்குக் கொண்டுபோனாள். அவள் போட்டிருந்தது ஏப்ரன். அதில் துடைத்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றை அமத்தினாள். திரை பச்சையாகி, நிறநிறமான காகிதத் துண்டுகள் கொட்டின. சரியான விடை, வாழ்த்துக்கள் என்று ஒரு பெண்குரல் சொன்னது. அவள் எழும்பிப்போய் வோஷ்றூமில் முகத்தைக் கழுவி, கைப்பையில் இருந்த பொட்டை எடுத்து, முந்தியதைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் கனகசிங்கம் அவள் முகத்தைப் பார்த்து, “பா… ஸோ?” என்றார்.

“பாஸ்.”

அவருடைய வாயின் ஒருபக்கம் சிரித்தது. என்ன கேட்டார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நிலையான நேரத்துக்கான உறுதிக் கடிதம் வரவில்லை. கோணேஸ்வரி நாளுக்கு மூன்று தரம் கீதனிடம் போனாள். கீதன் கொம்பியூட்டரைத் திறந்து காட்டினான்.

“அன்ரி, உங்கட றிக்குவெஸ்ற் அப்ரூவலுக்குப் போயிருக்கு.”

“ஆரிட்ட?”

“கொனியிட்ட.”

“என்னட்டயோ?”

“எல்லாம் ஸ்தாபகர்தான் அப்ரூவ் பண்ணவேணும் எண்டு செற் பண்ணியிருக்கினம். கொனிக்கு ஒரு ஈமெயில் இருக்கு. அதை ஒருத்தரும் பாக்கிறேல்லை.”

“நான்தானே தம்பி கொனி? நான் சொல்லுறன், குடு எண்டு.”

கீதன் மேசையைப் பார்த்தான். “நோ, அன்ரி. நீங்க படம் மட்டும்தான்.”

அவன் ஸ்டெபனிக்கு ஃபோன் எடுத்தான். எடுத்த ஒவ்வொரு தடவையும், எங்கள் கடையில் எல்லாருக்கும் கொனிதான் அம்மா என்று ஒரு பதிவுக்குரல் சொன்னது. தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தான். தலைமையகத்தில் விசாரித்தபோது, கிளை மனேஜருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று வீட்டுப் பராமரிப்பு அதிகாரிக்கு உடனே பதில் வந்தது. அந்த ஒரு பதில் மட்டும் அன்றைக்கே வந்தது.

ஒரு வியாழக்கிழமை பராமரிப்பு இல்லம் ஒன்றில் கட்டில் கிடைத்தது. வடக்கே ஒரில்லியாவுக்கும் அப்பால், காரில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில், வாவிக்கரையில் ஒரு சின்ன ஊர். அடுத்தநாள் மத்தியானத்துக்குள் சொல்லவேண்டும். தேனுகா அழுதுகொண்டே கையெழுத்து வைத்தாள். தகப்பனின் சட்டைகளை மடித்துப் பையில் வைக்கும்போது, சாரம் வைப்பதா, அங்கே உள்ளவர்களுக்கு அதைக் கட்டிவிடத் தெரியுமா என்று தாயும் மகளும் கனநேரம் யோசித்தார்கள். கடைசியில் வைக்கவில்லை.

இலையுதிர்காலம் பிறந்ததும் முதலீட்டு நிறுவனம் கணக்குப் பார்த்தது. கடையைவிடக் கடை நிற்கிற நிலத்துக்கு விலை கூட என்று கண்டது. கொனீஸ் கடைகள் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தார்கள். ஸ்டெபனி கடைசித் தடவையாக, திரையில் தோன்றிப் பேசினாள்: “கொனி எல்லாவற்றையும் இழந்தவளாக வந்தாள். எதையும் இழக்கப் பயப்படாதீர்கள் என்பதுதான் அவள் உங்களுக்குச் சொல்லும் செய்தி.” அவள் அப்போது ஒரு பல்பொருள் அங்காடிச் சங்கிலியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தாள் என்று கீதன் பிறகு சொன்னான். அங்கே ஸ்தாபகர் ஒரு நாயாம்.

மிச்சச் சாமானை விற்றுக் கடையை மூடிக்கொடுக்கிற வேலைக்கு வேறொரு கொம்பனி வந்தது. அவர்கள் எந்த வரலாறும் கேட்கவில்லை, எந்தப் பட்டியும் தரவில்லை. வந்த முதல் நாளே ஒரு முரட்டு மனிதர் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: எல்லாருக்கும் திங்கள் தொடங்கிச் சனி வரை, காலை ஒன்பது தொடங்கி ஐந்து மணி வரை, கடை வெறுமையாகும் வரைக்கும்.

கோணேஸ்வரி அதற்கு முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்தாள். பிறகு காஷுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்மநாதன் தன் காரில் அவளை வடக்கே கூட்டிப்போனார். பராமரிப்பு இல்லம் சுத்தமாக இருந்தது. கனகசிங்கத்தை யன்னல் ஓரம் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பாரிசவாதம் வந்த பிறகு அவருக்கு ஆங்கிலம் அடியோடு போய்விட்டது. அங்கே தமிழ் பேச ஒருவரும் இல்லை. கிழமை முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பேசமுயன்று, சொல் வராமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கொண்டுபோன புட்டைப் பாலில் குழைத்துத் தீத்தினாள். பாதிதான் இறங்கியது.

இருட்டுவதற்கு முன் வெளிக்கிடவேண்டும் என்று பத்மநாதன் வாசலில் வந்து நின்றார். கோணேஸ்வரி எழும்பினாள்.

“வே… லை?” என்றார் கனகசிங்கம்.

“இருக்குது. இப்ப ஒரே நேரம் தந்திட்டாங்கள். ஒன்பதில இருந்து அஞ்சு மட்டும்.”

அவர் முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே இவ்வளவு காலமும் என்பதுபோல அவள் கையை அமத்தினார். வாயைக் கூட்டிக் கூட்டி, மிகப் பாடுபட்டு, ஒரு முழு வசனம் சொன்னார்.

“அப்ப… நாளைக்கு… அஞ்சுக்குப் பிறகு… வருவாய்.”

“ஓம்” என்றாள் கோணேஸ்வரி. “அஞ்சுக்கு முடிச்சிட்டு வாறன்.”

அவர் சுவர் மணிக்கூட்டில் ஐந்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தொடங்கினார். அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தாள்.